உங்களுக்குத்தான் லீவாச்சே

பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவருக்குக் கோடைக்காலம் முழுக்க விடுமுறை. இது ஊருக்கே தெரிந்திருந்ததுதான் அவருக்கு வினையாகப் போயிற்று.

அவரை எல்லாரும் ஹாரன் என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டியில் உட்கார்ந்த நாளிலிருந்து அவர் ஹாரன் அடித்து யாரும் கேட்டதில்லை. முன்னால் தள்ளுவண்டி போனால் அதன் பின்னாலேயே ஊர்ந்து போவார். தெருவில் நாய் படுத்திருந்தால் அது எழுந்து சோம்பல் முறித்து நகரும்வரை காத்திருப்பார். பிள்ளைகள் கிண்டலுக்கு வைத்த பெயர் பெற்றோர் வாய்க்குப் போய், அங்கிருந்து மெதடிஸ்ட் சபைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை அவர் மனைவி மட்டும்தான் நினைவில் வைத்திருந்தாள். அவளும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

மனைவி நர்ஸ். ஒரே மகளுக்குக் கல்யாணம் ஆன பிறகு, பஸ்ஸில் அரைநாள் போக வேண்டிய வேறொரு ஊரில், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்துப் போயிருந்தாள். அங்கே அவளுக்கு ஒற்றை அறைக் குடியிருப்பு. பள்ளி நடக்கும் மாதங்களில் இரண்டு பேரும் போனில்தான் குடும்பம் நடத்தினார்கள். கோடை விடுமுறை வந்தால் ஹாரன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுவார். அவள் டியூட்டி முடிந்து வருவதற்குள் சமைத்து வைப்பார், அவளுடைய வெள்ளைச் சட்டைகளைத் துவைத்து இஸ்திரி போடுவார். சாயங்காலம் ஆஸ்பத்திரிச் சுற்றுச்சுவரை ஒட்டி இருவரும் நடப்பார்கள். வருஷத்தில் அவர் வாய் ஓயாமல் பேசுகிற காலம் அது ஒன்றுதான்.

இந்த வருஷமும் பெட்டி கட்டியாகிவிட்டது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கிளம்ப வேண்டியதுதான். அப்போது சபைக்குழுத் தலைவர் எழுந்து, பேரப்பிள்ளையைப் பார்க்க வெளிநாடு போவதாகவும், கோடை முடிந்துதான் திரும்புவதாகவும் சொன்னார். போதகரோ ஏற்கெனவே மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் பள்ளி திறக்கிற சமயத்தில்தான் வருவார். இதற்கு நடுவில் சபைகளைக் கவனிக்கும் மாவட்டக் கண்காணிப்பாளரிடமிருந்து ஒரு தகவல் வந்திருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு மெதடிஸ்ட் சபை இருந்தது. இரண்டு சபையிலும் ஆட்கள் குறைந்துகொண்டே வருவதால் ஒன்றாகச் சேர்வதா வேண்டாமா என்று கோடைக்குள் முடிவு சொல்ல வேண்டும். சேர்ந்தால் இரண்டு கோவில்களில் ஒன்றை மூட வேண்டியிருக்கும். சொல்லாவிட்டால் மேலே இருப்பவர்கள் முடிவு செய்வார்கள்.

"அப்ப தலைவர் இடத்துல யாரு?" என்று யாரோ கேட்டார்கள்.

 சபைக்குழுவில் இருந்த மருந்துக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். ஹாரன் கடைசியில் நின்று மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"நம்ம ஹாரன் இருக்காரே. உங்களுக்குத்தான் லீவாச்சே."

அத்தனை கைகளும் ஒரே மூச்சில் மேலே போயின. ஹாரன் வாயைத் திறப்பதற்குள் கைத்தட்டலும் முடிந்துவிட்டது. வெயில் ஏறுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்று ஆளாளுக்குச் செருப்பைத் தேடப் போய்விட்டார்கள். யாரிடம் போய் மாட்டேன் என்பது? ஒயர் கையில் இருந்தது. அதைச் சுருட்டி முடித்தார்.

மனைவிக்குப் போன் செய்தார். "ஒரு வாரம்தான். முடிச்சுட்டு வந்துடறேன்."

"சரி" என்றாள். அவளிடம் பல விதமான சரி உண்டு. இது கதவைச் சாத்துகிற சரி.

ஒரு வாரம் என்றது நீண்டுகொண்டே போயிற்று. முடிவு எடுக்கும்வரை பழகிப் பார்க்கலாம் என்று ஒரு ஞாயிறு இங்கே, மறு ஞாயிறு அங்கே என்று கூட்டு ஆராதனை ஏற்பாடாயிற்று. நடக்க முடியாதவர்களைச் சபை வேனில் ஏற்றி இறக்கும் வேலை ஹாரனுக்கு வந்தது. சிறுபிள்ளைகளின் விடுமுறை வேதாகம வகுப்புக்குக் கதவு திறக்க, தண்ணீர் நிரப்ப, கிழிந்த பாமாலைப் புத்தகங்களை ஒட்ட, நின்றுபோன மின்விசிறிக்கு ஆள் பிடிக்க என்று எல்லாவற்றுக்கும் அவரையே கூப்பிட்டார்கள். சாவிக்கொத்து அவர் இடுப்பிலேயே தொங்கியது. பள்ளி நாட்களில்கூட மதியம் ஒரு தூக்கம் போடுவார். விடுமுறையில் அதுவும் போயிற்று.

எல்லாவற்றையும்விடப் பெரிய பாடு சபைக்குழுக் கூட்டம்தான். பீடத்துக்குப் பின்னால் சின்ன அறை. அங்கே இருந்த ஒரே ஜன்னல், எப்போதோ சட்டத்தோடு சேர்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டதால் திறக்காது. அங்கியும் மெழுகும் பழைய புத்தகமும் கலந்த வாசனை. நடுவில் நீள மேஜை, சுற்றி உட்கார்ந்தால் ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவில் இடிக்கும். தலைவர் நாற்காலி சுவரோரம் இருந்தது. எல்லாரும் எழுந்து வழிவிட்டால்தான் அங்கிருந்து வெளியே வர முடியும்.

சேரலாம் என்ற பக்கத்துக்கு மருந்துக்கடைக்காரர். கூடாது என்ற பக்கத்துக்கு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஊரில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள் என்பதால் அவர் எல்லாருக்கும் டீச்சர்தான். பாடகர் குழுவை நடத்துகிறவரும் அவரே.

"ஆராதனையில பெஞ்சுதான் டீச்சர் நிறைய இருக்கு. ஆளைத்தான் தேட வேண்டியிருக்கு" என்பார் மருந்துக்கடைக்காரர்.

"அந்தப் பக்கத்து ஆளுங்க பாமாலையை இழுத்து இழுத்துப் பாடுவாங்க. அவங்க ஒரு பாட்டை முடிக்கறதுக்குள்ள நான் வீட்டுக்குப் போய்ச் சமைச்சுட்டு வந்துடுவேன்."

"பாட்டை வேகமாப் பாடச் சொன்னா பாடிடப் போறாங்க."

"என் வீட்டுக்காரர் போனப்ப அவரை இந்தப் பீடத்துக்கு முன்னாலதான் வச்சிருந்தோம். இந்த இடத்தை விட்டுட்டு எங்க போகச் சொல்றீங்க?"

 வியர்வையைத் துடைத்துக்கொள்வார்கள். இன்னும் கொஞ்சம் யோசிப்போம், அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்று கலைவார்கள். ஹாரன் பூட்டிவிட்டு வருவார்.

பிறகு ஒவ்வொருவராக அவரைத் தனியே பிடித்தார்கள். மருந்துக்கடைக்காரர் வீட்டுக்கே வந்து, கட்டிய பெட்டி கிடந்த கட்டிலில் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டு, "நீங்க நம்ம பக்கம்தானே?" என்றார். "நீங்க சொல்றதும் சரிதான்" என்றார் ஹாரன். டீச்சர் வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து வரும்போது, "நீ நான் வளர்த்த பிள்ளை. இந்தக் கோவிலை மூடறவங்களோட சேர மாட்டேன்னு எனக்குத் தெரியும்" என்றார். ஹாரன் கண்ணாடியைப் பார்த்துத் தலையாட்டி வைத்தார். இரண்டு பேரும் அவரைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொண்டு நிம்மதியாகப் போனார்கள். நிம்மதி போனது அவருக்குத்தான்.

ஒருநாள் காலை டியூட்டிக்குப் போகுமுன் மனைவி போன் செய்தாள்.

"உங்க ஒரு வாரம் எந்தக் காலண்டர்ல இருக்கு?"

"முடியப் போகுது. ஓட்டெடுப்பு ஒண்ணுதான் பாக்கி."

"எனக்கு இங்க நிரந்தரம் பண்றாங்களாம். கோடை முடியறதுக்குள்ள சொல்லணும். வேணாம்னா நான் அங்க வந்துடறேன். வேணும்னா நீங்க இங்க வாங்க. இங்கயும் ஸ்கூல் இருக்கு, பஸ் இருக்கு."

அவருக்கு அவள் நடக்கிற சுற்றுச்சுவர் கண்ணுக்கு முன்னால் வந்தது. அங்கே போக வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. வாயோ, பழக்கதோஷம், "பார்க்கலாம்" என்றது.

"உங்க பார்க்கலாமைப் பார்த்துப் பார்த்து என் கண்ணே பூத்துப் போச்சு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஓட்டெடுப்பு நாள் வந்தது. ஹாரன் கை தூக்கச் சொன்னார். சேரலாம் என்று பாதிக் கைகள், கூடாது என்று பாதிக் கைகள். எத்தனை தடவை எண்ணினாலும் சமம். அந்தப் புழுக்கத்தில் எல்லா முகங்களும் சுவரோரத்து நாற்காலியைப் பார்த்துத் திரும்பின.

 ஹாரனுக்கும் கல்யாணம் இந்தக் கோவிலில்தான். ஆனால் வேன் ஓட்டுகிறவர் காதில் பின்சீட்டுப் பேச்சு விழாமல் இருக்காது. அந்தப் பக்கத்துச் சபையில் டீச்சரோடு சின்ன வயதில் ஒன்றாகப் படித்த ஒரு அம்மா இருந்தார். கூட்டு ஆராதனை முடிந்து திரும்பும்போது இருவரும் பழைய ஹாஸ்டல் வார்டனைப் போலப் பேசிக் காட்டிச் சிரித்துக்கொண்டே வருவார்கள். கணவர் போன பிறகு டீச்சர் அப்படிச் சிரித்து ஹாரன் பார்த்ததில்லை. கூட்டத்தில் வந்து உட்கார்ந்ததும் அந்தச் சிரிப்பை எங்கேயோ கழற்றி வைத்துவிடுவார்.

"சேரலாம்" என்றார் ஹாரன்.

டீச்சர் அவரையே பார்த்தார். "அன்னைக்கு வண்டியில தலையாட்டினியே, அது என்ன?"

"ஆட்டினேன் டீச்சர். ஆட்டியிருக்கக் கூடாது."

"தலையாட்டறதும் பேச்சுதான்" என்று சொல்லி, கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நாற்காலிகள் கிரீச்சிட்டு வழிவிட்டன.

வெளியே தார் இளகுகிற வெயில். டீச்சர் வேனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தார். ஹாரன் அறையைப் பூட்டாமல்கூட ஓடிப்போய் வண்டியை எடுத்தார். கூப்பிடத் தைரியம் இல்லை, விட்டுப் போகவும் மனம் இல்லை. முதல் கியரிலேயே அவர் பின்னால் ஊர்ந்தார். தெருவில் ஒரு வயதான அம்மா குடை பிடித்து நடக்க, பின்னால் காலி வேன் ஒன்று அவர் நடைக்கு நடை வருவதைப் பார்த்துச் சலூன்காரர் கத்தியோடு வாசலுக்கு வந்து நின்றார். டீச்சர் இரண்டு இடத்தில் நிழலில் நின்றார். வேனும் நின்றது. தன் வீட்டு கேட்டைத் திறந்த பிறகுதான் அவர் திரும்பினார்.

"எல்லா எழவும் முடிஞ்சுதுல்ல. வீட்டுக்குப் போ" என்றார்.

முடியவில்லை. இரு சபையும் சேர்ந்து உட்கார்ந்த முதல் கூட்டத்தில் ஹாரன் எழுந்து, தனக்குச் சொந்த வேலை இருக்கிறது, தலைவர் பொறுப்பை வேறு யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்று, வீட்டில் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்ததை ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார். அந்தப் பக்கத்தார் இந்தப் பக்கத்து ஆள் பெயரைச் சொன்னால் இந்தப் பக்கத்திலேயே ஒத்துக்கொள்ளவில்லை. இவர்கள் சொன்ன பெயர் அவர்களுக்கு ஆகவில்லை. கடைசியில் மருந்துக்கடைக்காரர், "ரெண்டு பக்கமும் ஏத்துக்கற ஆளு நீங்க ஒருத்தர்தான். உங்களுக்கு முடிவெடுக்கத் தெரியும்னு இப்பதானே தெரிஞ்சுது" என்றார். சொன்னதற்கு முன்பே வெளிநாட்டிலிருந்து திரும்பியிருந்த பழைய தலைவரே முதலில் கை தட்டினார்.

விடுமுறையின் வால் மட்டும் மிச்சம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஹாரன் மனைவியிடம் போனார். வழியெல்லாம் போன் அடித்தது. மோட்டார் ஓடவில்லை, எந்தச் சாவி எதற்கு, இந்த ஞாயிறு யார் வேதபாடம் வாசிப்பது என்று ஓயவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தபோதும் அவர் போனைக் காதில் வைத்தபடியேதான் இறங்கினார். அவள் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

சாப்பிட்டு முடித்ததும், "நிரந்தரத்துக்குச் சரின்னு சொல்லிட்டேன்" என்றாள்.

"நல்லதுதான்."

"நீங்க?"

"இந்த வருஷம் முடிஞ்சதும் வர்றேன்." சொன்ன பிறகுதான் தான் பார்க்கலாம் என்று சொல்லவில்லை என்பது அவருக்கே உறைத்தது.

அவளும் கவனித்துவிட்டாள். "ஸ்கூல்ல சொல்லணும். சபையிலயும் சொல்லணும்."

"சொல்லிடறேன்."

பள்ளியில் சொல்வது சுலபமாக இருந்தது. வருஷக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்றார், சரி என்றார்கள். சபையில்தான் நாக்கு எழவில்லை. புதிய போதகர் இளவயதுக்காரர், எதற்கும் "தலைவரைக் கேட்டுக்கலாம்" என்பார். டீச்சர் வெகுநாள் வராமலிருந்து, பிறகு தன் சிநேகிதி போய் அழைத்துவர, பின்பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அப்புறம் பாடகர் குழுவுக்கும் சபைக்குழுவுக்கும் திரும்பினார். ஹாரனிடம் மட்டும் வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் "வேற ஏதாவது விஷயம் உண்டா?" என்று கேட்க வேண்டியவர் தலைவர். ஹாரன் கேட்பார். எல்லாரும் இல்லை என்று தலையசைப்பார்கள். விஷயம் இருந்தது அவர் ஒருவரிடம்தான். அதை விழுங்கிவிட்டுக் கூட்டத்தை முடிப்பார்.

ஒரு கூட்டத்தில், கேட்ட கையோடு பதிலையும் அவரே சொல்லிவிட்டார்.

"எனக்கு ஒண்ணு இருக்கு. நான் ஊரை விட்டுப் போறேன். ஸ்கூல்ல சொல்லியாச்சு. வீட்டுல அவங்க அங்க தனியா இருக்காங்க."

 மருந்துக்கடைக்காரர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். போதகர் ஏதோ சொல்ல வந்து டீச்சரைப் பார்த்தார்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோடைக்குப் பிறகு முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்து, "இதுல அவசரப்பட்டு முடிவெடுக்கக் கூடாது. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைங்க" என்றார். குரல் இலேசாக உடைந்திருந்தது.

அத்தனை கைகளும் உயர்ந்தன. எண்ண வேண்டியது தலைவரின் வேலை. ஹாரன் எண்ணினார். தள்ளி வைக்கப்பட்டது என்று அவரே அறிவித்தார்.

வெளியே வந்து மனைவிக்குப் போன் செய்தார். "சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"அடுத்த கூட்டத்துல பேசலாம்னாங்க."

அந்தப் பக்கம் அவள் சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். இவருக்கும் சிரிப்பு வந்தது. 

"சாப்டீங்களா?" என்றாள்.

"இனிமேதான்" என்றார்.