கூட்ட மறந்த விநாடி

ஜெகதீஷ் தன்மீது வைத்திருந்த பக்தியைச் சாமிமீதுகூட யாரும் வைத்ததில்லை. தாலி கட்டும்போதே செல்போனைப் பார்த்து, "ஐயரே, ஆறு செகண்டு லேட்டு" என்றவன். அன்று வெட்கத்தோடு சிரித்த பிரவீனாவுக்கு, நான்கு வருடம் கழித்து அவன் தோசையைப் பிட்டுத் தின்கிற அழகைப் பார்த்தாலே குமட்டியது.

இருவருக்கும் ஓசூர் சிப்காட்டில் ஒரே கம்பெனி. அவள் தரப் பிரிவில். மெஷினில் நடப்பதையெல்லாம் நேரத்தோடு பதிகிற புரோகிராமை எழுதியவன் அவன். அந்த வாரம், தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் ஒன்றில் டை என்கிற இரும்பு அச்சு உடைந்தது. தகடு சரியாக உட்காரும் முன்பே ஆபரேட்டர் மாதேஸ்வரி சுவிட்சை அமுக்கிவிட்டதாகப் பதிவு காட்டியது.

"பச்சை லைட்டு வந்தப்புறந்தாங்க சார் அமுக்குனேன். டையில முந்தியே கீறல் இருந்துச்சுங்க" என்று கதறினாள், பேரிகையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் அந்தப் பெண்.

"மெஷின் பொய் சொல்லாதும்மா" என்றான் ஜெகதீஷ்.

மறுநாள் அவளை வேலையை விட்டு அனுப்புவதென்று முடிவானது. அன்று சாயங்காலம் சாப்பிடும்போது அவன் வாய்தவறிச் சொன்னான்.

"சின்ன ரவுண்டிங்தான். அடுத்த செகண்டு பொறக்க ஒரு மயிரிழை இருக்கறப்ப அமுக்கியிருக்கா. புரோகிராம் பின்னத்த முழுசாக்கிடுச்சு, செகண்டுல ஒண்ணு கூட்டல. பத்துன்னு விழ வேண்டியது ஒம்போதுன்னு விழுந்துடுச்சு."

சைபரைப் போட்டுவிட்டு, கைவசம் ஒன்றை மறந்த கணக்கு! மூன்றாம் வகுப்புப் பிள்ளை செய்கிற தப்பு. அதனால் பதிவில் மாதேஸ்வரியின் கை ஏறக்குறைய ஒரு விநாடி முன்னே போய்த் தகட்டையே முந்திவிட்டது.

"அப்ப அவ மேல தப்பில்லையே! மேனேஜர்கிட்ட சொன்னீங்களா?"

"லூசா நீ? என் புரோகிராம் தப்புன்னு நானே போய்ச் சொல்லணுமா? சத்தமில்லாம சரி பண்ணிடறேன். அவளுக்கென்ன, வேற கம்பெனியா இல்ல? சட்னி போடு."

"கையிருக்குதில்ல? போட்டுக்கங்க."

மறுநாள் காலையில் மேனேஜர் வெங்கட்டின் அறையில் ஜெகதீஷ் உட்கார்ந்திருக்க, மாதேஸ்வரி துப்பட்டா நுனியைக் கடித்தபடி நின்றாள். கூப்பிடாமலே உள்ளே போனாள் பிரவீனா.

"சார், அந்தப் பதிவு தப்பு. எழுதினவருக்கு நேத்தே தெரியும். கேளுங்க."

ஜெகதீஷ் நெளிந்தான். "மைக்ரோ லெவல் மேட்டரு சார்..."

"தப்பா, இல்லையா?" என்றார் வெங்கட்.

"தப்புதான் சார்."

மாதேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "தெரிஞ்சுமா சார் வாய மூடிட்டிருந்தீங்க? தூ!"

"நீ லைனுக்குப் போம்மா" என்றார் வெங்கட்.

அவள் விறுவிறுவென்று போய்விட்டாள். வராந்தாவில் ஜெகதீஷ் பல்லைக் கடித்தான். "புருஷன்னுகூடப் பாக்கல இல்ல நீ?"

"நாலு வருஷமா அதத்தாங்க பாத்துட்டிருந்தேன்" என்றாள் பிரவீனா.