புதுக் கட்டடத்துக்குப் போன சீர்

எனக்கு நாலு பேர் முன்னாடி பேச வராது. அஞ்சாவதோடு நின்ன படிப்பு. வாத்தியார் பேர் கூப்பிடும்போது "உள்ளேன் ஐயா" சொல்லக்கூட நாக்கு எழும்பாது. இந்த வயசிலும் கல்யாணப் பந்தியில் ரசம் இன்னொரு தரம் வேணும்னு கேட்கக் கூச்சப்பட்டு, மோரை ஊத்திக்கொண்டு எழுந்துவிடுவேன். அப்படிப்பட்டவளைப் பெரம்பலூர் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸம்மா போனில் கூப்பிட்டு, தை மாசம் கேன்சருக்குன்னு தனிக் கட்டடம் திறக்கிறோம், வைத்தியம், ஆராய்ச்சி ரெண்டும் இனிமே இங்கேயே நடக்கும், நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசணும் என்றார்கள்.

எனக்கு மார்பில் கட்டி வந்து எடுத்தபோது அந்த நர்ஸம்மா தஞ்சாவூரில் இருந்தார்கள். அப்போது விடியற்காலம் ஜெயங்கொண்டத்தில் பஸ் ஏறினால் வீடு திரும்பும்போது விளக்கு வைத்திருப்பார்கள். ஊசி போட்ட நாளில் வழியெல்லாம் வாந்தி. ஊரில் கர்ப்பப்பை ஆபரேஷன் என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். எங்கள் பக்கம் அந்த நோவின் பேரை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் நம் வீட்டுக்கும் வந்துவிடும் என்று ஒரு பயம். பெண் கேட்டு வந்தவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள் என்பது அதைவிடப் பெரிய பயம்.

வர முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்; யோசிச்சுச் சொல்றேன் என்றுதான் வாயில் வந்தது. அதற்கு முந்தின வாரம்தான் என் ஓரகத்தி, என் கொழுந்தன் பெண்டாட்டி, பருத்தி எடுக்கிற காட்டில் என்னைத் தனியாக அழைத்துப்போய் என் கையை எடுத்து ரவிக்கை மேல் வைத்தாள். உள்ளே புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று, நகராமல் இருந்தது. என் கைக்கு அது பழக்கம்.

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவள் மகளுக்கு வேப்பந்தட்டைப் பக்கம் மாப்பிள்ளை அமைந்து, வைகாசியில் கல்யாணம் என்று பேச்சு. "கல்யாணம் முடியட்டும்க்கா. கேன்சர் ஆஸ்பத்திரிக்குள்ள நான் போறதை ஒருத்தர் பார்த்தாப் போதும், எம் பொண்ணுக்கு அமைஞ்ச எடம் போயிடும்" என்று ஒரே பிடியாக நின்றாள். வைகாசி வரைக்கும் அது காத்திருக்காது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியாமல் இல்லை.

எங்கள் ஊரில் யார் புதுவீடு குடிபோனாலும், பிள்ளைக்குக் காது குத்தினாலும், தெருப் பெண்கள் ஆளுக்கொரு தாம்பாளம் ஏந்தி வரிசையாகப் போவோம். சீர்த்தட்டோடு நுழைகிறவளை எதுக்கு வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தபோது இது மனசில் பட்டது. கழுநீர்ச் சட்டியைக்கூடக் கீழே வைக்காமல் நர்ஸம்மாவுக்குப் போன் போட்டு, வரேன், ஆனா சீரோடதான் வருவேன் என்றேன். சிரித்துவிட்டு, வாங்க, அன்னிக்குப் பெண்களுக்கு இலவசமாப் பரிசோதனையும் இருக்கு என்றார்கள்.

தெருவில் சொன்னபோது எதிர்வீட்டுக்காரி விடவில்லை. "ஆஸ்பத்திரிக்கு எதுக்குக்கா சீரு? கட்டடத்துக்குக் காது குத்துறாங்களா?" என்றாள். ஆராய்ச்சி என்றால் நம்மை அறுத்துப் பார்ப்பார்களா என்று இன்னொருத்தி கேட்டாள். நம்ம பக்கத்துப் பெண்களுக்கு இது ஏன் வருது, எப்படி முன்னாடியே கண்டுபிடிக்கிறதுன்னு பார்க்கிறதுதானாம் என்று நர்ஸம்மா சொன்னதைச் சொன்னேன். பரிசோதனையையும் சொன்னேன். யார் எந்தத் தட்டைத் தூக்குவது என்ற பேச்சில் அது அமுங்கிப்போனது.

வேன் பிடித்துப் போனோம். தெருவே சீர் தூக்கிப் போகிறது, நீ மட்டும் வராமல் இருந்தால்தான் கேட்பார்கள் என்று என் ஓரகத்தியையும் ஏற்றிவிட்டேன். அரியலூரைத் தாண்டும்வரை முன்னால் சிமெண்ட் லாரிகள். தட்டுகளில் புழுதி படாமல் முந்தானையால் மூடிக்கொண்டோம். பெரம்பலூரில் இறங்கி, வாழைமரம் கட்டிய வாசலுக்கு வந்ததும் என் ஓரகத்தி நின்றுவிட்டாள். "அக்கா, நான் வேன்லயே உக்காந்துக்கறேன்."

அவள் கையில் தேங்காய், பழம், மஞ்சள், குங்குமம் வைத்த தட்டு. நிறைந்த தட்டை வாசல்வரை கொண்டுவந்து திருப்பிக்கொண்டு போவது எங்களில் கிடையாது. போகிற வீட்டுக்கும் ஆகாது, தூக்கினவளுக்கும் ஆகாது. மற்றவர்கள் கையும் காலியில்லை.

"தட்டை என்னடி பண்ணுவ?" என்றேன்.

தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உள்ளே நடந்தாள்.

தட்டுகளை வரிசையாக வைத்தோம். பெரிய டாக்டர் கும்பிட்டுவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்துவந்தவர், வெற்றிலைத் தட்டில் நின்றுவிட்டார். எப்போதும்போல வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு புகையிலைப் பொட்டலத்தையும் வைத்திருக்கிறார்கள். அவர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். எனக்கு உயிரே போனது. எதிர்வீட்டுக்காரிதான், "சாமிக்கு முடி குடுக்கற மாதிரிங்க சார், அதை உங்ககிட்டயே விட்டுட்டுப் போலாம்னு வந்தோம்" என்றாள். கட்டடமே சிரித்தது.

அந்தச் சிரிப்பு அடங்குமுன் என்னை மைக் முன்னால் நிறுத்திவிட்டார்கள். நினைத்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோனது. எங்கள் தெருப் பெண்களை மட்டும் பார்த்தேன்.

"எனக்கு ஆனது கர்ப்பப்பை ஆபரேஷன் இல்ல. மாருல கேன்சர் கட்டி. எடுத்தாச்சு. எம் புள்ளைங்களைக் கட்டிக் குடுத்தாச்சு, பேரன் பேத்தியும் பார்த்தாச்சு. இன்னமும் பருத்தி எடுக்கறேன்."

அவ்வளவுதான் வந்தது. எதிர்வீட்டுக்காரி எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "எங்கேம்மா பரிசோதனை பண்றது? நான் போறேன் மொதல்ல" என்று நர்ஸம்மாவிடம் கேட்டாள். அவள் பின்னால் ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். யாருக்கு என்ன இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாத அந்த வரிசையில், நடுவில், என் ஓரகத்தியும் நின்றாள்.

அவளுக்கு இருந்ததும் அதேதான். ஆனால் ஆரம்பம் என்றார்கள். மாசியில் ஆபரேஷன், பிறகு ஊசி, எல்லாம் பெரம்பலூரிலேயே. காலையில் போனால் மத்தியானச் சோற்றுக்கு வந்துவிடுவோம். சம்பந்தியம்மாளிடம் அவளே போய்ச் சொன்னாள். அந்தம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்களாம். அப்புறம், எங்க அக்காவுக்கும் ரொம்ப நாளா ஒரு கட்டி இருக்கு, அந்த ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ்ஸில் போகணும் என்று கேட்டார்களாம். உடம்பு தேறட்டும் என்று கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளி வைத்ததும் அவர்கள்தான்.

திறப்பு விழா அன்றைக்குப் பதற்றத்தில் அவள் தட்டை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். கடைசி ஊசி முடிந்த நாளில் நர்ஸம்மா அதை எடுத்துவந்து கொடுத்தார்கள். சீர்த்தட்டை வெறுமனே திருப்பக் கூடாதென்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. கண்ணாடி வளையலும் கற்கண்டும் வைத்திருந்தார்கள்.

கல்யாணத்தன்று மண்டபத்துக்குப் போன வரிசையில் அந்தத் தட்டோடு அவள்தான் முன்னால் போனாள். பூ வைக்க முடி வளரவில்லை. வெறுந்தலையோடு, நிமிர்ந்து போனாள்.

அன்றைக்குப் பந்தியில் ரசம் கொண்டுவந்த பையனை நான் இரண்டாம் தரம் கூப்பிட்டேன். "மைக் புடிச்சதுல இருந்து அக்காவுக்கு வாய் நீண்டுபோச்சு" என்றாள் எதிர்வீட்டுக்காரி. அவள் இலைக்கும் சேர்த்து ஊற்றச் சொன்னேன்.