ரேலீனின் இடது பூட்ஸ்

ரேலீன் ஸ்டில்ட்னரைத் திட்டாமல் ஒரு நாளும் நான் வேலைக்குப் போனதில்லை. பதினெட்டு வருடமாக என் காரில்தான் வருகிறாள். நான் வாசலில் ஹாரன் அடித்த பிறகுதான் அவளுக்குக் காபி ஊற்றத் தோன்றும்.

ஓஹியோவில் எங்கள் ஊரைச் சரக்கு ரயில் இரண்டாக வெட்டிப் போகிறது. எங்கள் வீடுகள் தெற்கே, ஜன்னல் தொழிற்சாலை வடக்கே. ரயில் நினைத்த நேரத்தில் வரும், நினைத்த இடத்தில் நிற்கும், கேட்க நாதி கிடையாது. ரேலீன் தன் கல்யாணத்துக்கே ஒன்றரை மணி நேரம் தாமதம். மாப்பிள்ளை வெர்ன் அந்தப் பக்கத்துச் சர்ச் வாசலில் வியர்த்துப்போய் நிற்க, இவள் இந்தப் பக்கம் வெள்ளை கவுனோடு டிரக்கில் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள். அன்றைக்காவது புத்தி வந்திருக்க வேண்டும்.

தொழிற்சாலையில் தாமதமாகப் போனால் தண்டனையாக அரைப் புள்ளி. ஏழு சேர்ந்தால் வேலை போச்சு. ரேலீனுக்கு ஆறரை. வெர்னுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அதற்கான காப்பீடு இவள் வேலையை நம்பித்தான் இருக்கிறது. இவ்வளவு தெரிந்தும் போன ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை எட்டு நிமிடம் கழித்துத்தான் படியிறங்கி வந்தாள். நாங்கள் தண்டவாளத்துக்குப் போய்ச் சேரவும் ரயில்வே கேட் மூடியது. ரயில் வந்தது, நின்றது.

“இப்ப நகந்துரும் பாரு,” என்றாள்.

“உள்ள இவ்வளவு நேரம் என்னடி பண்ணிட்டிருந்த?”

“வெர்னுக்கு சாக்ஸ் போட்டுவிட்டேன். அவனால குனிய முடியல.”

அதற்கு மேல் திட்ட முடியவில்லை. அதனாலேயே எரிச்சல் இன்னும் கூடியது. மேம்பாலம் வழியாகச் சுற்றினால் இருபது நிமிடம், எங்களிடம் இருந்தது பத்து. அவள் கதவைத் திறந்து இறங்கினாள்.

“வா நெல்டா, ஏறிக் குதிச்சிரலாம்.”

“பைத்தியமா உனக்கு? கெளம்பிட்டா ரெண்டு துண்டுதான்.”

“ஊரே குதிக்குது. வர்றியா, இல்லையா?”

காரை ஓரங்கட்டிவிட்டுப் போனேன். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே முதலில் என்னைப் பிடித்துத் தள்ளினாள். அவள் தாண்டும்போது ரயில் குலுங்கியது. தொப்பென்று என் பக்கம் பனியில் வந்து விழுந்தாள். அவளுடைய இடது பூட்ஸ் மட்டும் கொக்கியில் மாட்டிக்கொண்டு மேற்கே போயிற்று.

இரண்டு நிமிடத்தில் கடைசிப் பெட்டியும் போய்விட்டது, கேட் திறந்தது. காத்திருந்த கார்கள் எல்லாம் நொண்டிக்கொண்டு நடந்த எங்களைத் தாண்டிச் சொகுசாகப் போயின. சிலர் கை வேறு ஆட்டினார்கள்.

தொழிற்சாலை வாசலில் சூப்பர்வைசர் டுவைட் அவள் காலையே பார்த்தார்.

“இரும்பு முனை பூட்ஸ் இல்லாம உள்ள விட முடியாது ரேலீன். ரூல்ஸ் தெரியும்ல?”

“ஒரு கால்ல இருக்கே.”

“இன்னொண்ணு எங்க?”

“இண்டியானாவுக்குப் போயிட்டிருக்கு.”

டுவைட் சிரிக்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். மணியடிக்க மூன்று நிமிடம். ரேலீன் நனைந்த சாக்ஸோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பயமாகிவிட்டது.

என் கணக்கில் ஒன்றரைப் புள்ளிதான். படியில் உட்கார்ந்து என் பூட்ஸைக் கழற்றினேன்.

“இந்தா, போட்டுத் தொல.”

போட்டுக்கொண்டு இரண்டடி நடந்து பார்த்தாள்.

“ஒரு சைஸ் பெருசா இருக்குடி.”

“உள்ள போடி!” என்று கத்தினேன். அவள் வருகை அட்டையை அடித்ததும் மணி அடித்தது.

அவளுடைய வலது பூட்ஸில் காலைத் திணித்துக்கொண்டு, இன்னொரு காலில் வெறும் சாக்ஸோடு, அந்தப் பக்கம் நிற்கும் காரை எடுக்கத் தண்டவாளம் வரை நடந்தேன். கேட் மூடியது. ரயில் வந்தது, நின்றது.