தலைக்கு மேலே நடக்கிறவள்

"என்னைக்குக் கெளம்புன?"

சண்டைக்குத் தப்பி ஊரிலிருந்து புதிதாக வந்து நிற்கிறவர்களிடம் சித்தானா கேட்கும் முதல் கேள்வி இதுதான். பெயர், உறவு எல்லாம் பிறகு. கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தன்னுடையதைச் சொல்லிவிடுவாள். "நான் வியாழக்கிழமை. ஓம்துர்மான்ல துணி தொவச்சு அப்பத்தான் கொடியில போட்டேன். தெருமுனையில சுட ஆரம்பிச்சுட்டானுங்க. ஈரத்துணி அங்கயே கெடக்கு. இந்நேரம் காஞ்சிருக்கும்." சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். வந்தவளும் சிரித்துவிடுவாள், இல்லையென்றால் அழுதுவிடுவாள். எது நடந்தாலும் அதற்குள் டீ வந்துவிடும்.

கெய்ரோவில் ஃபைசல் தெருவை ஒட்டிய சந்தில், எங்கள் கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் அவள் வீடு. வீடே கடை. காய்ந்த வெண்டைக்காய்ப் பொடி, வேர்க்கடலை விழுது, செம்பருத்தி இதழ். கட்டிலுக்கு அடியில் கட்டுக்கட்டாக, வாசனைப் புகைக்கான தல்ஹ் விறகு. பொருளுக்குத்தான் விலை, புத்திமதி இலவசம். ஆண்கள் போடும் தோல் செருப்பைப் போட்டுக்கொண்டு, சேலைபோல் சுற்றிய மஞ்சள் தோபின் நுனியைப் பல்லால் கடித்தபடி பொடி நிறுப்பாள். நிறுத்த பிறகு ஒரு சிட்டிகை அதிகமாகப் போடாமல் அவள் பொட்டலம் மடித்து நான் பார்த்ததில்லை.

சில வருடங்கள் நாடு நாடாகத் திரிந்துவிட்டு, இதே கட்டிடத்தில் இருக்கும் அம்மாவின் வீட்டுக்கு நான் திரும்பியபோது என்னிடமும் அதே கேள்வி. யோசித்தேன், கிழமை நினைவில் இல்லை.

"நாளு மறந்துபோச்சுன்னா நீ ஊர் சுத்தப் போனவ," என்றாள். "உனக்கு என் புத்தி வேண்டாம். டீயக் குடி."

மற்றவர்களுக்கு அவள் சொல்வதை அந்த டீயோடு சேர்த்துக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். "வீடு பாக்கப் போறப்ப சொந்தக்காரங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போகாத. நமக்கு அது மரியாத. வீட்டுக்காரனுக்கு அத்தன பேரும் தங்க வந்தவங்க." "புரியலன்னா தலையாட்டாத. அப்புறம் கையெழுத்துப் போடச் சொல்லுவான்." "விலாசத்தத் தெருப் பேர வச்சு மனப்பாடம் பண்ணாத. மருந்துக்கடைய வச்சுப் பண்ணு. மருந்துக்கடை எங்கயும் போகாது." கடைசியாக, வாசல்வரை வந்து சொல்வது ஒன்று உண்டு. "உன் தலைக்கு மேல நடக்கிறவ யாருன்னு மொத வாரத்துலயே போய்ப் பாத்துடு. நீ என்ன பண்ணாலும் அவளுக்குத்தான் மொதல்ல மணக்கும்."

எங்கள் ஊரில் வீட்டுக்கு மேலே வானம் மட்டும்தான். முற்றத்தில் மூட்டுகிற புகை யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு போவதில்லை. அதனால் இந்தக் கடைசிப் பாடம்தான் எங்களவர்களுக்கு ஏறுவதில்லை. சித்தானாவே ஒரு தடவை இதைச் சொல்ல மறந்துபோனாள்.

பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவள் நிஃமாத். அவள் கணவன் அப்துல்பாக்கி, ஊரிலிருந்து தப்பி வரும் வழியில் அவளைவிட்டுப் பிரிய நேர்ந்தவன். அவனுடைய போன் பறிபோயிருந்தது. எல்லைப் பக்கத்தில் யாரோ ஒரு லாரிக்காரனின் போனிலிருந்து கடைசியாகப் பேசியபோது, நிஃமாத் விலாசத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி மனப்பாடம் பண்ண வைத்திருந்தாள். மருந்துக்கடைக்கு எதிர்ச்சந்து, ஹாஜ் ஷாபான் கட்டிடம், மூணாவது மாடி. வெள்ளிக்கிழமை வந்துவிடுவேன் என்றானாம்.

வெள்ளிக்கிழமை காலையில் நிஃமாத் வெட்கத்தோடு வந்து தல்ஹ் விறகு கேட்டாள். எங்கள் பெண்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. கணவன் வருகிற நாளில், கனலும் விறகுக்கு மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து உடம்பெல்லாம் புகை ஏற்றிக்கொள்வார்கள். தோல் மஞ்சள் பூசினதுபோல் மினுங்கும். வாசனை நாள்கணக்கில் நிற்கும். சித்தானாவுக்கு ஒரே சந்தோஷம். நல்ல கட்டாகப் பொறுக்கிக் கொடுத்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

குளியலறைச் சன்னல் வழியாகப் புகை, கட்டிடத்தின் நடுவில் இருக்கும் காற்றுக்கிணற்றில் ஏறியது. அங்கே நாலாவது மாடி ஹாஸிம் அம்மாவின் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. "நெருப்பு! நெருப்பு!" என்ற கூச்சல் முதலில் வந்தது, வாளித் தண்ணீர் பின்னால் வந்தது. வாயிற்காவலர் ஸாபிர் கீழே கேஸை மூடிவிட்டு அங்கிருந்தே கத்தினார். முழங்கால் வலிக்காரர் அவர், மாடி ஏற மாட்டார். எது சொல்வதானாலும் போனில் குரல் செய்திதான். ஜும்ஆ தொழுதுவிட்டு வந்த ஆண்கள் நிஃமாத்தின் கதவை இடித்தார்கள். உள்ளே அவள் கம்பளிக்குள் இருந்தாள்.

சித்தானா கதவின் குறுக்கே கையை விரித்து நின்றாள். "உள்ள பொம்பள இருக்கா. நெருப்பு இல்ல. எல்லாரும் தள்ளி நில்லுங்க."

கட்டிடக்காரர் ஹாஜ் ஷாபானுக்கு மூச்சு வாங்கியது. "நெருப்பு இல்லன்னா இது என்ன, மேகமா?"

"இது கட்டிக்கிட்ட பொம்பளைங்க சமாச்சாரம், ஹாஜ். இத்தன பேருக்கு நடுவுல விளக்கணுமா?"

அவர் பார்வையைப் படிக்கட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். "விளக்க வேண்டாம். ஞாயித்துக்கிழமை வீட்டக் காலி பண்ணச் சொல்லு. அது போதும்."

அன்று மாலை நிஃமாத் ஒரே வரியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். "அவருக்கு இந்த வாசல் மட்டுந்தான் தெரியும், அக்கா. நான் எங்க போனாலும் அவரு இங்கதான் வருவாரு." இருட்டிவிட்டது. அவன் வரவில்லை.

"தப்பு என்னுது," என்றாள் சித்தானா. "வெறகக் குடுத்தேன், புத்தியக் குடுக்கல. எந்திரி. மேல போவோம்."

இருவரும் ஹாஸிம் அம்மாவிடம் போய் அந்த விரிப்புகளைக் கேட்டு வாங்கி வந்தார்கள். இரண்டு தண்ணீரில் துவைத்து, எங்கள் மொட்டைமாடியில் உலர்த்தி, மடித்து, மேலே ஒரு தட்டு வேர்க்கடலை உருண்டையும் வைத்து மறுநாள் எடுத்துப்போனார்கள். நானும் கூடப் போனேன். ஹாஸிம் அம்மா பெரிய உடம்புக்காரி, சோபாவிலிருந்து எழுந்திருக்கவில்லை. ஒரு விரிப்பை மூக்கில் வைத்துப் பார்த்தாள்.

"வாசம் போகலியே."

"அது லேசுல போகாது," என்றாள் சித்தானா. "போகாத வாசத்துக்குத்தான் காசு."

ஹாஸிம் அம்மா இன்னொரு முறை முகர்ந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "கல்யாணம் ஆகாதவ போய் டீ போடு," என்றாள். அடுப்படியிலிருந்து எனக்குச் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. நான் டீயோடு வந்தபோது ஹாஸிம் அம்மாவின் குரல் தணிந்திருந்தது. "ஏ பொண்ணு, உன் புருஷன் இந்த விலாசத்துக்கா வராரு?"

"வேற விலாசம் தெரியாது அவருக்கு."

"இத ஷாபான்கிட்ட ஏன் சொல்லல?"

"கதவுக்கு அந்தப் பக்கம் கம்பளிக்குள்ள இருந்தேம்மா."

ஹாஜ் ஷாபான் ஹாஸிம் அம்மாவின் தம்பி. போனை எடுத்து, "ஷாபானு, அந்தப் பொண்ணு இருக்கட்டும்," என்றாள். எதிர்முனையில் ஏதோ சொன்னார். "அப்ப என்னையும் காலி பண்ணச் சொல்லு," என்று வைத்துவிட்டாள். எங்கள் பக்கம் திரும்பினாள். "மூட்டுறதுக்கு முன்னாடி காத்துக்கெணத்துல போற கொழாயத் தட்டுங்க. துணிய உள்ள எடுத்துக்கறேன். அவ்வளவுதானே? இதுக்குப் போயி."

படியிறங்கும்போது சித்தானா கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொடுத்தாள், மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல. "நல்ல ஊரு," என்றாள். "கத்தும். அப்புறம் உள்ள விட்டுரும்."

அப்துல்பாக்கி வரவில்லை, அந்தக் குழாயை யாரும் தட்டவில்லை. கோடை போயிற்று. நிஃமாத் சித்தானாவோடு உட்கார்ந்து பொடி சலித்தாள். புதிதாக வருகிறவர்களுக்கு மருந்துக்கடை அடையாளம் சொல்லித்தந்தாள். தண்ணீர்க் குழாய்க்காரன் வந்து எதையாவது தட்டினால் போதும், மேலே சன்னல் திறக்கும். ஹாஸிம் அம்மாவின் தலை எட்டிப் பார்க்கும். "வந்துட்டாரா?" கீழேயிருந்து சித்தானா, "கொழாய்க்காரன், ஹாஸிம் அம்மா," என்பாள். சன்னல் மூடிக்கொள்ளும். ஆனால் விரிப்புகளை அதற்குள் உள்ளே இழுத்திருப்பாள்.

கட்டிலுக்கு அடியில் ஒரு கட்டு விறகு மட்டும் தனியே இருந்தது. யார் கேட்டாலும், "அது வித்துப்போச்சு," என்பாள் சித்தானா.

குளிர் தொடங்கியபின் ஒரு முற்பகல். நிஃமாத் சல்லடையோடு தரையில் இருந்தாள், நான் டீயோடு. சித்தானாவின் போனில் ஸாபிரின் குரல் செய்தி வந்தது. அவள் எப்போதும்போலச் சத்தமாக வைத்தாள்.

"சித்தானாம்மா, மருந்துக்கடை வாசல்ல ஒருத்தரு ரொம்ப நேரமா நின்னு நம்ம மாடிங்கள எண்ணிக்கிட்டிருக்காரு. கால்ல ஒரு செருப்புதான் இருக்கு. பேரு அப்துல்பாக்கின்னு சொல்றாரு. மேல அனுப்பவா?"

சல்லடை உருண்டது. நிஃமாத் வெறுங்காலோடு படியில் ஓடும் சத்தம் கேட்டது.

சித்தானா எழுந்தாள். தரையெல்லாம் சிந்திக்கிடந்த பொடியைத் தாண்டி அடுப்படிக்குப் போய்ப் பெரிய கரண்டியை எடுத்தாள். காற்றுக்கிணற்றுப் பக்கச் சன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் குழாயைத் தட்டினாள், விடாமல் தட்டினாள். மேலே ஹாஸிம் அம்மாவின் துணிக்கொடிக் கப்பி கிறீச்சிடத் தொடங்கியது.