எண்ணூறைத் தாண்டக் கூடாது

எழுத்து எனக்குத் தட்டித் தடவித்தான் வரும். இலக்கம் பிசகாது. நாப்பது வருசம் தோட்டத்துல தேயிலைக் கொழுந்து நிறுக்கிற தராசு முள்ளைப் பார்த்த கண்ணு இது. எந்தக் கணக்கப்பிள்ளையையும் என் நிறையில கால் கிலோ குறைச்சு எழுத விட்டதில்லை.

அதனாலதான் மகள் அன்னைக்கு என்னைக் கம்ப்யூட்டர் முன்னுக்கு உட்கார வச்சா.

அவளுக்குத் தோட்டத்து லயத்து வீட்டுல இருந்தே வேலை. கொழும்புல பஸ் சீட்டு பதியிற கம்பெனியோட டேட்டாபேஸ் சேர்வரைப் பார்த்துக்கணும். மூணு நாளா காலை பத்து மணியானா அது விழுந்துடும். உள்ளே ஓடுற வேலைகள்ல ஒண்ணு மெமரி மொத்தத்தையும் தானே இழுத்துக்குதாம். மத்ததும் சேர்ந்து நின்னுடுதாம். இன்னொரு தடவை விழுந்தா கொழும்புக்கே வந்துடுன்னு அவ மேலதிகாரி சொல்லிட்டார். அவ கட்டின பை வாசல்ல இருந்துச்சு. வீட்டுல நாங்க ரெண்டு பேருதான்.

முந்தின நாள் ராத்திரி அவ ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எல்லை போட்டா. எண்ணூறு எம்பிக்கு மேல எதுவும் எடுக்கக் கூடாது. மிஞ்சிக் கேட்டா அந்த வேலை மட்டும் பிடிச்சதை விட்டுட்டு நிக்கும், மத்தது ஓடும்.

பத்து மணிக்கு அதிகாரி போன் பேசணும்னார். போனுக்குச் சிக்னல் லயத்துக்குப் பின்னால கோயில் மேட்டுலதான்.

"அம்மா, இந்த வரியை மட்டும் பாருங்க. எண்ணூறைத் தாண்டினா நான் போட்ட எல்லை பிடிக்கலைன்னு அர்த்தம், கத்துங்க."

"எனக்கு எண்ணத் தெரியாதா? போடி."

ஐந்நூறு. அறுநூத்தி நாப்பது. வெளியே மழை பிடிச்சுக்கிச்சு. எழுநூறு. கண்ணை எடுக்கல, அடுப்புல தண்ணி கொதிச்சு வழிஞ்சும் எழும்பல. எழுநூத்தித் தொண்ணூறு.

சட்டுனு அறுபதுக்கு விழுந்துச்சு.

"அறுபதுடி! நிறையைக் குறைச்சுட்டானுங்கடி!" மலைச்சரிவுல பேர் சொல்லிக் கூப்பிடுற குரல் எனக்கு, கோயில் மேட்டைத் தாண்டியே கேட்டிருக்கும்.

சேறும் காலுமா ஓடியாந்தா, போன் காதோட. வரி வரியா பார்த்தா. மெமரியை இழுத்த அந்த ஒண்ணு மட்டும் நின்னிருந்துச்சு, மத்ததெல்லாம் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அப்படியே தரையில உட்கார்ந்துட்டா.

"அம்மா, இது கொழுந்து இல்லம்மா. இங்க குறைஞ்சாத்தான் நமக்கு நல்லது."

போன்ல அதிகாரி சிங்களத்துல கேட்டார், யார் அந்தக் கத்து கத்தினதுன்னு. எங்கம்மான்னு இவ சொன்னா. அங்கிட்டுச் சிரிப்புச் சத்தம். அப்புறம், அங்கேயே இருந்து பாரு, வர வேணாம்னு சொன்னாராம்.

நான் போய்ப் பையைப் பிரிச்சு, அவ சேலைகளை ஒண்ணொண்ணா கொடியில போட்டேன்.

"நான் சொன்ன இலக்கம் சரிதானே?"ன்னு மட்டும் கேட்டேன்.