கணவாய் மை என்று நினைத்தேன்

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம், ஓணம் முடிந்த வாரம் அது. தக்கலையில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தேன். பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் கடற்கரை ஊரான இனயத்தில்தான். மகளின் படிப்புக்காக இங்கே வந்தோம். அவள் படித்து முடித்து, நர்ஸ் வேலைக்கு வளைகுடாவுக்குப் போய்விட்டாள். மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் என் வீட்டுக்காரரும் குளச்சல் விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போய்விட்டார். போனால் வாரக்கணக்கில் போன் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டுக்கு உள்ளேயிருந்து சிரிப்பார்கள், அவ்வளவுதான் பழக்கம்.

ஒரே ஒரு ஆளுக்குச் சமைப்பதைப் போல எரிச்சலான வேலை வேறில்லை. காலையில் பால் விடாத ஒரு கட்டன்சாயா, கூடவே முட்டுவலிக்கு மெடிக்கல் ஸ்டோரில் நானாகக் கேட்டு வாங்கிய மாத்திரை. வெறும் வயிற்றில் மாசக்கணக்கில் இப்படி விழுங்கினேன்.

அந்த வாரம் நாக்கு கேட்டதால் குளச்சலுக்குப் போய்க் கணவாய் மீன் வாங்கி வந்தேன். எங்கள் வீட்டில் அதன் உடம்பிலிருக்கும் கறுப்பு மையைக் களையாமல்தான் கறி வைப்போம். கறி கறுகறுவென்று இருக்கும். தின்ற மறுநாள் வெளிக்குப் போவதும் கறுப்பாகத்தான் இருக்கும். கடற்கரையில் பிறந்தவர்கள் யாரும் அதற்குப் பயப்பட மாட்டார்கள். நானும் பயப்படவில்லை. ஆனால் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து நாலைந்து நாள் ஆன பிறகும் கறுப்பு நிற்கவில்லை. தார் மாதிரி ஒட்டியது, நாற்றமும் வேறாக இருந்தது. நிறையத் தின்றுவிட்டோம் போல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வீட்டில் இன்னொரு ஆள் இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன், அவரும் திட்டி ஆஸ்பத்திரிக்கு விரட்டியிருப்பார்.

ஒரு நாள் காலை பஸ் ஸ்டாண்டில் தலை சுற்றி உட்கார்ந்தவள், காப்பித்தூள் கரைத்த மாதிரி வாந்தி எடுத்தேன். ஒரு ஆட்டோக்காரர்தான் தூக்கி ஏற்றி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் விட்டார்.

டாக்டரிடமும் நான் கணவாய்க் கதையைத்தான் சொன்னேன். பக்கத்துக் கட்டிலில் மூச்சு முட்டலோடு கிடந்த கணவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள், நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு அம்மாள். நாஞ்சில்நாட்டு வயக்காட்டுப் பக்கம் என்று பேச்சிலேயே தெரிந்தது. கணவாய் என்றதும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அந்த நிலைமையிலும் எரிச்சல் வந்தது.

டாக்டர் பரிசோதித்துவிட்டு, மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கி உள்ளே ரத்தம் கசிகிறது என்றார். கத்தி வைக்க வேண்டாம், வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டே அடைத்துவிடலாம், ஆனால் தாமதிக்கக் கூடாதாம். ரத்தமும் ஏற்ற வேண்டும், ஓடியாட ஆள் வேண்டும். அப்போது நர்ஸ் கேட்டாள்.

"கூட யாரு வந்திருக்கா?"

மகளைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை, டியூட்டியில் இருந்திருப்பாள். இனயத்து நாத்தனார் உடனே கிளம்புவதாகச் சொன்னாள், ஆனாலும் வந்து சேர நேரமாகும். நான் செத்தால் பக்கத்தில் நிற்க ஒரு ஆள்கூட இல்லையே என்ற நினைப்புதான் வலியைவிட மோசமாக இருந்தது.

"நான் இவளுக்க அக்காதான். எங்க கையெழுத்துப் போடணும்?" என்றாள் அந்தத் திருநீற்று அம்மாள்.

நர்ஸ் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தாள், அந்த அம்மாளின் நெற்றியைப் பார்த்தாள், பேனாவை நீட்டினாள்.

தொண்டையில் கசப்பாக எதையோ அடித்து மரத்துப்போக வைத்தார்கள். இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, பல்லுக்கு இடையே ஒரு வளையத்தைக் கொடுத்துக் குழாயை விட்டார்கள். குமட்டிக் குமட்டிக் கண்ணீர் கொட்டியது. எதிரே டிவியில் என் வயிறு தெரிந்தது. ஒரு சின்னப் புண், அதிலிருந்து துடித்துத் துடித்து ரத்தம். குழாய் வழியாகவே ஊசி போட்டார்கள், பிறகு ஒரு குட்டி கிளிப் வந்து அந்த இடத்தைக் கவ்வியது. ரத்தம் நின்றது.

அந்த அம்மாளையும் உள்ளே விட்டிருந்தார்கள். ரத்தத்தைப் பார்க்கப் பயந்து கண்ணை இறுக மூடிக்கொண்டு, "பயப்படாத மக்கா, நான் இங்கனதான் நிக்கேன்" என்று சொல்லிக்கொண்டே என் தோளைப் பிடித்திருந்தாள். அவள் முருகனைக் கூப்பிட, நான் மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டேன்.

குழாயை எடுத்ததும் என்னை வேறு அறைக்கு மாற்றிவிட்டார்கள். சாயங்காலம், அதற்குள் வந்துவிட்ட நாத்தனாரிடம் அந்த அம்மாளைத் தேடச் சொன்னேன். அவர்கள் இருந்த கட்டில் காலியாக இருந்ததாம். மதியமே அவள் கணவரைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். அவர் பிழைத்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது.

வீட்டுக்காரர் கரைக்கு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"அந்த அக்காவுக்கு எந்த ஊருன்னு கேட்டியா? போய் ஒரு வார்த்த சொல்லண்டாமா?"

ஆஸ்பத்திரியில் பயத்தில்கூட வாய்விட்டு அழாதவள், அப்போது தேம்பித் தேம்பி அழுதேன். ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டும் விலாசம் தரவில்லை. அவர் மறுபடி கடலுக்குப் போய்விட்டார், நான் மறுபடி தனியாகத்தான் இருக்கிறேன். வீட்டில் ஆளில்லாத தனிமை எனக்குப் பழகிவிட்டது. நன்றி சொல்ல அந்த ஆள் கிடைக்காத தனிமைதான் இன்னும் பழகவில்லை.