கோப்ரல் வீட்டு மரண அறிவித்தல்

கோப்ரல் தங்கராசா போய்விட்டார். இன்று காலை, ஆஸ்பத்திரியில், தேநீர் கேட்டுவிட்டு... அது வருவதற்குள்.

புளியந்தீவில் எங்கள் ஒழுங்கையில் பக்கத்து வீட்டுக்காரர். பழைய ஆமியில், அரசாங்க இராணுவத்தில், கோப்ரலாக இருந்தவர். எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பொடியன்கள் ஆமியில் சேர்வது மற்ற உத்தியோகங்களைப் போல ஒன்றாக இருந்த காலத்தில் சேர்ந்து, சண்டை தொடங்குமுன் ஓய்வு பெற்று வந்தவர்.

மகள் சுகந்தி கனடாவிலிருந்து போன் எடுத்தாள். மரண அறிவித்தலை நான்தான் எழுதவேண்டுமாம்... ஒரு காலத்தில் வக்கீல் ப்ரொக்டர் ஒருவரின் கந்தோரில் டைப்பிஸ்ட்டாக இருந்ததால், இந்த ஒழுங்கையில் யார் இறந்தாலும் எழுதுவது நான்தான்.

"ஒண்டு மட்டும் மாமி. தம்பிட பேருக்கு முன்னால 'காலஞ்சென்ற' எண்டு போடுங்க."

தம்பி என்றால் ரவி. கோப்ரலின் ஒரே மகன். சண்டைக் காலத்தில் வவுணதீவுக்கு வயல் பார்க்கப் போனவனை வழியில் யாரோ ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆமியா, இயக்கமா, எந்தப் பக்கத்தார் என்று இன்றுவரை தெரியாது.

பிறகு எடுக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பிள்ளைகள் படித்த காலத்தில் அவர்களின் யூனிபோமை கோப்ரல்தான் அயர்ன் பண்ணுவார், மனைவியைத் தொடவிடமாட்டார். கொன்வென்ட்டில் படித்த எனக்கே சுகந்தியின் பாவாடை மடிப்பில் குறை கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

"என்ட மனுசன் நித்திரையிலயும் லெப்ட் ரைட்தான் அக்கா," என்பாள் அவர் மனைவி பாக்கியம். "பக்கத்துல படுக்கிற நான்தான் உதை வாங்குறன்."

என் கணவர் காலமானபோது, கோப்ரல் பெட்டி தூக்கியவர்களின் அருகில் நடந்து சின்னக் குரலில் "லெப்ட்... லெப்ட்..." என்று சொல்லிக்கொண்டே வந்தார். பெட்டி ஒரு பக்கம்கூடச் சரியவில்லை.

ரவி போன மறுநாள், மெடல் இரண்டையும் சட்டையில் குத்திக்கொண்டு ஒரு ஆமி முகாமுக்குப் போனார். பின்னேரம் வந்து எங்கள் வாசலில் நின்றார்.

"என்ன சொன்னாங்க கோப்ரல்?"

"கதிர தந்தாங்க அக்கா. டீ, பிஸ்கட் எல்லாம் தந்தாங்க. சின்ன ஒபிசர் ஒருத்தன் எழும்பி நிண்டு சலூட்டும் அடிச்சான்."

"மகனப் பத்தி?"

"பேர எழுதி எடுத்தாங்க." மெடல்களைக் கழற்றினார். "வாசலோட விரட்டியிருந்தா உள்ள ஏதோ இரிக்கி எண்டு நினைச்சிருப்பன். கூப்பிட்டு டீ தந்தாங்க எண்டா... அவன் அங்க இல்ல அக்கா."

அதன் பிறகு கடிதங்கள். கொழும்புக்கு, வெளிநாட்டுக்கு, யார் யாருக்கெல்லாமோ... அவர் சொல்ல நான் ஆங்கிலத்தில் டைப் செய்தேன், ஒரு கமா பிசகினாலும் தாளைக் கழற்றித் திரும்ப அடித்தேன்.

வந்த பதில்கள் எல்லாம் உங்கள் கடிதம் கிடைத்தது என்பவை.

இப்போது சொல்லலாம். ரவி உயிரோடு இருக்கிறான் என்று நான் ஒரு நாளும் நம்பவில்லை. நம்பாமலேதான் அத்தனையையும் அடித்தேன்.

அது அவருக்குத் தெரிந்திருக்கும். கேட்டதில்லை.

பாக்கியம் இறந்தபோதும் அறிவித்தலை நான்தான் எழுதினேன். எல்லாம் சரியாக இருக்கவேண்டும் என்ற என் பழக்கத்தில், ரவியின் பேருக்குப் பக்கத்தில் 'காணாமல் போனவர்' என்று எழுதிவிடாமல் இருந்திருக்கலாம்... எழுதிவிட்டேன்.

அவர் அடிமட்டம் கேட்டு வாங்கி, வைத்து நேராகக் கோடு கீறி, அந்த இரண்டு சொல்லையும் வெட்டினார்.

"வீட்டுப் புள்ளைக்குப் பட்டம் எதுக்கு அக்கா? பேரைப் போடுங்க, அது காணும், போதும்."

மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று வந்த அரசாங்க ஆட்களையும் அப்படித்தான் அனுப்பினார். மகன் செத்தான் என்று எந்தத் தாளிலும் வரக்கூடாது. இத்தனை வருடத்தில் அவர் பிடிவாதம் பிடித்தது அந்த ஒன்றில்தான்.

மத்தியானம் சுகந்திக்குத் திருப்பிப் போன் எடுத்தேன்.

"அப்பா இருந்தா இதுக்கு விடமாட்டார், மகள்."

"அப்பா இல்லயே மாமி."

அவளே தொடர்ந்தாள்.

"இனி நான் தேடமாட்டன் மாமி. எனக்கு ஏலாது. தம்பிட போட்டோவக் காட்டினா என்ட புள்ளைகள் யாரெண்டு கேக்குதுகள். அப்பாவோட முடியட்டும்."

"அவசரப்படாத மகள்..."

"இது அவசரமா மாமி? நீங்க எழுதாட்டி அச்சகத்துக்கு நானே சொல்லிருவன். ஆனா நீங்க எழுதினாத்தான் ஊர் வாய் மூடும்."

தேடு என்று அவளுக்குச் சொல்ல நான் யார்? இன்னொரு கடிதம் அடிப்பதென்றாலும் யாருக்கு அடிப்பது என்று எனக்கே தெரியாது.

எழுதினேன். 'காலஞ்சென்ற பாக்கியத்தின் அன்புக் கணவரும், சுகந்தி (கனடா), காலஞ்சென்ற ரவி ஆகியோரின் அன்புத் தந்தையுமாவார்.'

மூன்று தரம் வாசித்துப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் அச்சகத்துக்கு அனுப்பினேன். பின்னேரம் ஒட்டுவார்கள்.

மதிலில் அதைப் பார்த்துவிட்டு யாரும் சுகந்தியைக் குறை சொல்லவேண்டாம். நாளை வந்து இறங்கும் பிள்ளையிடம் அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவேண்டாம்.

எழுதியது நான். கேட்க இருப்பவர்கள் என்னிடம் கேளுங்கள்.

கோப்ரல், உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. அமைதியாய்ப் போங்கள்.